தோமா ஏன் லூக்கின் வீட்டுக்குப் போனான்? ‘சோன் ஃப்ரேர்’ (2003) பற்றி, முடிவு உட்பட

நடுவரிசை எழுதியது:

பத்ரீஸ் ஷெரோ இயக்கிய ‘சோன் ஃப்ரேர்’ என்ற பிரெஞ்சுப் படத்தை ஞாயிற்றுக்கிழமை இரவு மறுபடி பார்த்தேன். அன்றிலிருந்து ஒரே கேள்வி மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. முடிவு வரைக்கும் பேசப் போகிறேன், அதனால் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள். தற்கொலையும் கதையில் உண்டு. மனசு சரியில்லாமல் இருப்பவர்கள் இப்போதைக்கு இந்த இழையைத் தாண்டிப் போய்விடுங்கள்.

கதை இவ்வளவுதான். தோமாவின் ரத்தத்தில் பிளேட்லெட், அதாவது ரத்தம் உறைய உதவும் அணுக்கள், நிற்பதில்லை. அவன் உடம்பே அதை அழித்துக்கொண்டிருக்கிறது. ஒரு நாள் இரவு லூக்கின் வீட்டுக்கு வந்து நிற்கிறான். லூக் கூடப்பிறந்தவன், ஆனால் ரொம்ப நாளாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. தன்னோடு ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்கிறான். அதற்குப் பிறகு படம் இரண்டு காலங்களுக்கு நடுவே போய்ப்போய் வருகிறது. ஒன்று பாரிஸ் ஆஸ்பத்திரியில் கழியும் குளிர்காலம், இன்னொன்று பிரான்சின் பிரிட்டனி பகுதிக் கடற்கரையில் கழியும் கோடைகாலம். தோமாவாக புரூனோ தொடெஸ்கினி, லூக்காக எரிக் கரவாகா. பிலிப் பெஸோன் 2001இல் எழுதிய நாவல்தான் மூலம். 2003 பெர்லின் விழாவில் சிறந்த இயக்குநருக்கான வெள்ளிக் கரடி ஷெரோவுக்குக் கிடைத்தது.

என் கேள்விக்கு வருகிறேன். தோமாவுக்கு கிளேர் என்று காதலி இருக்கிறாள். அப்பா, அம்மா இருக்கிறார்கள். அத்தனை பேரையும் விட்டுவிட்டு, பேச்சே இல்லாத ஒருவனிடம் ஏன் போகிறான்?

படம் இதற்கு நேராகப் பதில் சொல்வதில்லை. ஆனால் முடி மழிக்கும் காட்சியில் பதில் ஒளிந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பிளேட்லெட்டை அழிக்கும் மண்ணீரலை எடுக்க ஆபரேஷன். அதற்குத் தயார் செய்ய இரண்டு நர்சுகள் வந்து தோமாவின் உடம்பை மழிக்கிறார்கள். மார்பு, வயிறு, அதற்கும் கீழே. வேறு யாராவது எடுத்திருந்தால் நாலு ஷாட்டில் முடித்திருப்பார்கள். ஷெரோ சுருக்கவில்லை. நிமிடக்கணக்கில் போகிறது. கையைத் தூக்கச் சொல்கிறார்கள், தூக்குகிறான். திரும்பச் சொல்கிறார்கள், திரும்புகிறான். நர்சுகளின் முகத்தில் வெறுப்பும் இல்லை, பரிதாபமும் இல்லை. அவர்களுக்கு அது அன்றைய வேலை. லூக் அதே அறையில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். வளர்ந்த ஓர் ஆணின் உடம்பு சிறுபிள்ளையின் உடம்பு போல ஆகிக்கொண்டே வருகிறது. அதைப் பார்க்க விடப்பட்டவன் லூக் ஒருவன்தான்.

முதல் முறை பார்த்தபோது இந்த இடத்தில் எழுந்து வெளியே போய்விட்டேன். இந்த முறை கண்ணை எடுக்கவில்லை. அதன் காரணத்தை அப்புறம் சொல்கிறேன். முதலில் நீங்கள் சொல்லுங்கள்.

வார்டு விளக்கு எழுதியது:

நான் ரத்தநோய் வார்டில் நர்ஸ். இதோடு 14 வருஷம். படத்தை ஒரு முறைதான் பார்த்தேன், அதுவும் இரண்டு தவணையாக. ட்யூட்டி முடிந்து வந்து மறுபடியும் வார்டையே பார்ப்பது எளிதில்லை.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன். படத்தில் காட்டுவது நாங்கள் ஐ.டி.பி. என்று சொல்லும் நோயோடு ஒத்துப்போகிறது, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே பிளேட்லெட்டை அழிக்கும் நோய் அது. சாதாரணமாக ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1,50,000 முதல் 4,50,000 பிளேட்லெட் வரை இருக்கும். 10,000க்குக் கீழே இறங்கினால் அடி எதுவும் படாமலேயே ரத்தம் கசியும் பயம் உண்டு. டெங்கு புண்ணியத்தில் நம் ஊரில் பிளேட்லெட் என்ற வார்த்தை தெரியாத ஆளே இல்லை. ஆனால் டெங்குவில் பெரும்பாலும் சில நாளில் எண்ணிக்கை தானாக ஏறிவிடும். இந்த நோயில் நாம் ஏற்றும் பையையும் உடம்பு அழித்துவிடும். காலையில் டோனரைத் தேடி அலைந்து, பிளட் பேங்க்கில் காத்திருந்து, மதியம் ஏற்றுவார்கள். மறுநாள் ரிப்போர்ட்டில் பழைய எண்ணே நிற்கும். அந்தத் தாளை வாங்கிப் பார்க்கும் சொந்தக்காரர்களின் முகம் எனக்கு மனப்பாடம்.

மழிக்கும் காட்சியைப் பற்றி ஒரு வார்த்தை. பிளேட்லெட் குறைந்த ஒருவரின் தோலில் பிளேடு படுவதைப் பார்த்து எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. தேவையில்லாமல் முடியை எடுக்காதீர்கள், எடுத்தே ஆக வேண்டுமென்றால் கிளிப்பரால் எடுங்கள் என்று அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையம் 1999இலேயே சொல்லிவிட்டது. பிளேடு தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல் போடும், அதில் கிருமி தங்கும் என்பதுதான் காரணம். ஆனாலும் எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் பழக்கம் லேசில் மாறவில்லை. அதனால் அந்தக் காட்சியைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

உங்கள் கேள்விக்கு வார்டில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். நோயாளி எல்லா நேரமும் மிக நெருங்கியவரைக் கூட வைத்துக்கொள்ள விரும்புவதில்லை. மனைவி வந்தால் நன்றாக இருப்பதாகக் காட்டிக்கொள்ள வேண்டும். அம்மா வந்தால் அவளைத் தேற்ற வேண்டும். வலியில் கிடப்பவருக்கு அது தனி வேலை. யார் முன்னால் சும்மா படுத்துக் கிடக்க முடியுமோ அவரைத்தான் இரவுக்குத் தங்கச் சொல்வார்கள். நான் பார்த்த வரையில் அது பல நேரம் கூடப்பிறந்தவர்தான். அதிகம் பேசாத கூடப்பிறந்தவர்.

பழைய புரொஜெக்டர் எழுதியது:

வார்டு விளக்கு அம்மா சொன்னதைப் படித்த பிறகு எனக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. இயக்குநரைப் பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன், அது இந்தக் கேள்விக்கு உதவும்.

ஷெரோ அடிப்படையில் நாடகக்காரர். 1976இல் ஜெர்மனியின் பைராய்ட் இசை விழாவில் வாக்னரின் நான்கு இசை நாடகங்களை மேடையேற்றிப் பெரிய சண்டையையே கிளப்பியவர். 1982 முதல் 1990 வரை பாரிசுக்குப் பக்கத்தில் நாந்தேர் நகரின் அமாந்தியே நாடகக் கூடத்தை நடத்தினார். தொடெஸ்கினி அங்கே அவரிடம் படித்தவர்தான். மேடையில் வளர்ந்தவர்களுக்கு நடிகனின் உடம்புதான் முதல் எழுத்து. நிற்பது, விழுவது, ஒருவர் மேல் ஒருவர் சாய்வது என்று அவர் படம் எதை எடுத்தாலும் உடம்பு முன்னால் வரும், பேச்சு பின்னால் வரும்.

நாந்தேரில் அவர் தொடர்ந்து மேடையேற்றியது பெர்னார்-மரி கொல்த்தேஸின் நாடகங்களை. கொல்த்தேஸ் 1989இல் எய்ட்ஸால் இறந்தார். 1983இல் ஷெரோ எடுத்த ஒரு படத்துக்கு அவரோடு சேர்ந்து திரைக்கதை எழுதிய ஹெர்வே கிபேர் 1991 கடைசியில் போனார், அவருக்கும் எய்ட்ஸ்தான். கூட வேலை செய்த இரண்டு பேர், இருவரும் இளம் வயது. ‘சோன் ஃப்ரேர்’ எய்ட்ஸ் பற்றிய படம் இல்லை. ஆனாலும் ஆஸ்பத்திரிக் கட்டிலை அவ்வளவு பக்கத்தில் போய், கூச்சமே இல்லாமல் பார்க்க அவருக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் எனக்கு அந்த இருவரும்தான் நினைவுக்கு வருகிறார்கள். அவரும் 2013 அக்டோபரில் நுரையீரல் புற்றுநோயில் போய்விட்டார்.

அப்புறம் ஒளிப்பதிவு எரிக் கோத்தியே. இந்தப் படத்தில் ஆஸ்பத்திரி விளக்கை அழகுபடுத்தாமல் விட்டிருக்கிறார். அந்த வெளிச்சத்தில் தோல் எப்படி இருக்குமோ அப்படியே இருக்கிறது. கடற்கரைக்கு வந்ததும் வெளிச்சம் தாராளமாக வருகிறது, ஆனால் தோமாவின் தோல் மாறவில்லை. காலில் இருக்கிற காயக்கறை வெயிலில் இன்னும் நன்றாகத் தெரிகிறது.

லாச்சப்பல் எழுதியது:

வணக்கம். நான் பாரிசில் 22 வருடமாக இருக்கிறேன். இந்தப் படத்தைத் தமிழில் கதைப்பதைக் கண்டது பெரிய சந்தோசம்.

தலைப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேணும். ‘ஃப்ரேர்’ என்றால் அண்ணனும்தான், தம்பியும்தான். பிரெஞ்சில் அந்த ஒரு சொல் காணும். நான் வந்த புதிதில் வேலையிடத்தில் ஒருவர் தன்னுடைய ‘ஃப்ரேர்’ செத்துப்போனார் என்று சொன்னபோது, மூத்தவரா இளையவரா என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். எங்களுக்கு அது தெரியாமல் துக்கம் விசாரிக்கவே வராது. மூத்தவர் போனால் ஒரு துக்கம், இளையவர் போனால் இன்னொரு துக்கம். அதுபோல் ‘சோன்’ என்பது ‘அவனுடைய’ என்றும் வரும், ‘அவளுடைய’ என்றும் வரும். ‘என்னுடைய’ என்று தலைப்பு வைக்கவில்லை. யாரோ மூன்றாம் ஆள் இந்த இருவரையும் தூரத்தில் நின்று காட்டி, அந்தா அவன்ர சகோதரம் என்று சொல்வது போல் இருக்கிறது. இருவரில் யாரைக் காட்டிச் சொன்னாலும் பொருந்தும்.

கடற்கரை வாங்கில் வந்து இருக்கும் கிழவரை நீங்கள் யாரும் சொல்லவில்லை. மோரிஸ் கரெல். கடலில் மூழ்கிப் போனவர்களைப் பற்றி அவர் கதைக்கிறார். முதல் தரம் பார்க்கும்போது தேவையில்லாத கதை போல் தெரியும். பிரிட்டனிப் பக்கம் போய் வந்தவர்களுக்கு அப்படித் தெரியாது. அங்கே தேவாலயச் சுவர்களிலும், சேமக்காலை எனும் கல்லறைத் தோட்டங்களிலும் ‘கடலில் மாண்டார்’ என்று எழுதிய பலகைகள் இருக்கும், கீழே உடல் இராது. அந்தப் பக்கத்து வெஸ்ஸான் தீவில் முந்தி ஒரு வழக்கம் இருந்தது. கடலில் போனவரின் உடல் கிடைக்காவிட்டால் மெழுகில் சின்னச் சிலுவை ஒன்று செய்து, அதை வீட்டு மேசையில் வெள்ளைத் துணியில் வைத்து, இரவு முழுக்க முழித்திருந்து அதற்கே செபம் சொல்லி, விடிய தேவாலயத்துக்குக் கொண்டுபோவார்கள். ‘ப்ரோயெல்லா’ என்று பெயர். ஒரு உடலுக்குச் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் ஒரு விரல் அளவு மெழுகுக்குச் செய்வார்கள்.

தோமாவின் முடிவை அந்த ஊர்ச் சனம் எப்படிப் பார்க்கும் என்று யோசித்தால் அந்தக் கிழவரின் பேச்சு அப்படியே வேறாகக் கேட்கும்.

மதுரைக்காரி எழுதியது:

எல்லோரும் அழகாக எழுதுகிறீர்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது, அதைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை.

லூக் ஆண்களை நேசிப்பவன். இவர்கள் விலகிப் போனதில் அதற்கும் பங்கு உண்டு என்பது படத்தைப் பார்த்த எல்லோருக்கும் தெரியும். அதாவது, தான் இருக்கிற விதத்துக்காகக் கூடப்பிறந்தவனிடமிருந்து தள்ளி நிற்க வேண்டி வந்தவன் லூக். இப்போது தோமாவுக்கு முடியவில்லை என்றதும் அவன் கதவைத் தட்டுகிறான். மன்னிப்பு கேட்கிறானா என்றால் அதுவும் இல்லை. எரிந்து விழுகிறான், சிடுசிடுக்கிறான். லூக் தன் வேலையை, தன் ஆளை, தன் தூக்கத்தை எல்லாம் விட்டுவிட்டு வந்து அவன் பக்கத்தில் நிற்கிறான். அவன் காதலன் வின்சென்ட் அவனை விட்டு விலகிப் போவதையும் பார்க்கிறோம். கிளேரும் ஒரு கட்டத்தில் போய்விடுகிறாள், அவளை யாரும் இங்கே திட்டவில்லை, நல்லது. நானும் திட்ட மாட்டேன்.

கடைசியில் தோமா தன் இஷ்டத்துக்குக் கடலில் இறங்கிப் போய்விடுகிறான். கரையில் நிற்பது யார்? மறுபடியும் லூக். இவ்வளவு பார்த்துக்கொண்டவனுக்கு மிச்சம் என்ன?

எங்கள் குடும்பத்தில் ஒதுக்கி வைக்கப்பட்ட சித்தப்பா ஒருவர் உண்டு. எதற்காக என்று நான் சொல்ல வேண்டியதில்லை, லூக்கைப் போலத்தான். தாத்தா படுக்கையில் விழுந்த பிறகு அவரைக் கூப்பிட்டார்கள். வந்தார். ஒன்றரை வருஷம் மலம் மூத்திரம் எல்லாம் எடுத்தார். காரியம் முடிந்த பதினாறாம் நாள் அவருக்குத் துண்டு போடக்கூட யாருக்கும் தோன்றவில்லை. அதனால் இந்த மாதிரிக் கதையில் ‘தொட்டுப் பார்த்துக்கொண்டதிலேயே எல்லாம் சரியாகிவிட்டது’ என்று யாராவது சொன்னால் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

நடுவரிசை எழுதியது:

மதுரைக்காரி, உங்கள் சித்தப்பாவைப் பற்றிப் படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுத முடியவில்லை. நீங்கள் சொல்வதில் மறுக்க ஒன்றும் இல்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று படமும் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். இருவரும் உட்கார்ந்து பழைய கணக்கைத் தீர்த்துக்கொள்ளும் காட்சி வரும் என்று காத்திருந்தேன், கடைசி வரை வரவில்லை. முதல் முறை பார்த்தபோது அது குறையாகத் தெரிந்தது. இப்போது தெரியவில்லை. கணக்கு தீராமலேயேதான் லூக் அங்கே நிற்கிறான். தீர்ந்த பிறகு போய் நிற்பது எல்லோராலும் முடியும்.

ஆஸ்பத்திரி நடையில் லூக் சந்திக்கும் அந்த இளைஞன் மனுவேலை நினைத்துப் பாருங்கள். முன்பின் தெரியாதவனிடம் வயிற்றுத் தழும்பைக் காட்டுகிறான். திரும்பவும் வெட்டப் போகிறார்கள் என்ற பயம் அவனுக்கு. லூக்கிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை, ஆனால் நகரவும் இல்லை. தோமாவின் அறையில் கற்றுக்கொண்டதை அங்கே செய்கிறான் என்று எனக்குப் பட்டது. உங்கள் கேள்விக்கு இது முழுப் பதில் ஆகாது. லூக்குக்கு மிச்சம் என்ன என்று கேட்டீர்களே, இதுவும் கொஞ்சம் மிச்சம்தான்.

கடைசி பஸ் எழுதியது:

நான் இந்தப் படத்தோடு ஒட்ட முடியாமல் போனவன். 95 நிமிடப் படம் மூன்று மணி நேரம் போலத் தெரிந்தது. எனக்குக் குடும்பம் என்றால் சத்தம் வேண்டும். தெப்ளெஷான் என்ற பிரெஞ்சு இயக்குநர் 2008இல் எடுத்த ‘உன் கோந்த் த நோயெல்’ (ஒரு கிறிஸ்துமஸ் கதை) பார்த்திருக்கிறீர்களா? ரூபே நகரத்தில் ஒரு வீடு. அம்மாவுக்கு ரத்தப் புற்றுநோயாக முற்றக்கூடிய நோய், எலும்பு மஜ்ஜை மாற்ற வேண்டும். தம்பியின் கடனை அடைத்து, அதற்குப் பதிலாக அவனைக் குடும்பத்திலிருந்தே தள்ளி வைத்தவள் அக்கா. இப்போது பார்த்தால் அம்மாவுக்கு மஜ்ஜை பொருந்துவது அந்தத் தம்பிக்கு, இன்னும் அந்த அக்காவின் மகனுக்கு. எல்லோரும் கிறிஸ்துமஸுக்கு வீட்டில் கூடிச் சண்டை போடுகிறார்கள், குடிக்கிறார்கள், ஒருவரை ஒருவர் பிடிக்காது என்று முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். இருந்தும் யாரும் வீட்டை விட்டுப் போகவில்லை. அதுதான் எனக்குத் தெரிந்த குடும்பம்.

பழைய புரொஜெக்டர் எழுதியது:

கடைசி பஸ் தம்பி, நல்ல படத்தைச் சொன்னீர்கள். அதற்கும் ஒளிப்பதிவு எரிக் கோத்தியேதான். அந்தப் படத்தில் ஒரு கணித அறிஞர் கரும்பலகையில் அம்மாவின் ஆயுளைக் கணக்குப் போட்டுப் பார்ப்பார், நினைவிருக்கிறதா? பேசித் தீராததை எண்ணித் தீர்த்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை. ‘சோன் ஃப்ரேர்’ படத்தில் எண்களைச் சொல்லுவது டாக்டர்தான், அதைக் கேட்டு யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். லூக்காக நடித்த கரவாகா 2017இல் ‘காரே 35’ என்று ஓர் ஆவணப்படம் எடுத்தார். அவர் பிறப்பதற்கு முன்பே, மூன்று வயதில் இறந்துபோன அக்காவைப் பற்றியது. வீட்டில் அந்தக் குழந்தையின் ஒரு போட்டோகூட வைத்திருக்கவில்லை, பேச்சும் எடுப்பதில்லை. காசாபிளாங்காவில் இருக்கும் கல்லறைப் பகுதியின் எண்தான் தலைப்பு. வயதான அம்மாவைக் கேமரா முன்னால் உட்கார வைத்து, அவசரப்படாமல், விடாமல் கேட்கிறார். லூக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அதே பொறுமை அந்த மகனிடமும் தெரிந்தது. நடிப்பு எது, மனுஷன் எது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

வார்டு விளக்கு எழுதியது:

முடிவைப் பற்றி நான் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இதைப் படிப்பவர்களில் யாருக்காவது, யார் வீட்டிலாவது இதே நோய் இருக்கலாம்.

படம் வந்தது 2003இல். அப்போது ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின், மண்ணீரல் அறுவை என்று கையில் இருந்த வழிகள் கொஞ்சம். மண்ணீரலை எடுத்தால் மூன்றில் இரண்டு பேருக்கு நல்ல பலன் கிடைக்கும், மற்றவர்களுக்கு ரொம்பக் கஷ்டம். 2008இல் பிளேட்லெட் உற்பத்தியைத் தூண்டும் மருந்துகள் இரண்டு அனுமதி பெற்றன. ஒன்று ஊசி, ஒன்று மாத்திரை. மண்ணீரல் எடுத்தும் சரியாகாதவர்களில் பலருக்கு அவை வேலை செய்கின்றன. எங்கள் ஓ.பி.க்கு மாதாமாதம் வரும் ஒருவர் பஸ் கண்டக்டர், இன்னொருவர் பள்ளிக்கூட டீச்சர். 40,000, 50,000 பிளேட்லெட் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்கிறார்கள். தோமா இன்றைக்கு எங்கள் வார்டுக்கு வந்திருந்தால் அவனிடம் சொல்வதற்கு எங்களிடம் இன்னும் நிறைய இருந்திருக்கும். அதை நினைத்துதான் அந்த முடிவு எனக்கு ஆற மாட்டேன் என்கிறது. மனசு விட்டுப்போகிற மாதிரி இருந்தால் சிஸ்டரிடமோ டாக்டரிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள். தயவுசெய்து சொல்லுங்கள். நாங்கள் அதையும் கேட்கத்தான் இருக்கிறோம்.

இந்த நோயில் ஒரு பழைய கதை உண்டு, நர்சிங் முடித்த புதிதில் எங்கள் டாக்டர் ஒருவர் சொன்னது. 1950இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் வில்லியம் ஹாரிங்டன் என்ற இளம் டாக்டர். இந்த நோய்க்குக் காரணம் ரத்தத்திலேயே சுற்றுகிற ஏதோ ஒன்றுதான் என்று சந்தேகப்பட்டார். நோயாளியின் ரத்தத்தை எடுத்துத் தனக்கே ஏற்றிக்கொண்டார், சுமார் அரை லிட்டர். சில மணி நேரத்தில் அவருடைய பிளேட்லெட் அதலபாதாளத்துக்கு இறங்கியது. வலிப்பே வந்துவிட்டது. சில நாளில் தேறிவிட்டார், சந்தேகமும் நிரூபணம் ஆகிவிட்டது. இன்றைக்கு எந்த ஆஸ்பத்திரியும் இதை அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. ஆனால் தோமாவின் கட்டில் பக்கத்தில் இருக்கும் லூக்கை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஹாரிங்டன்தான் ஞாபகம். உன் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று எனக்கும் தெரிய வேண்டும் என்கிற மாதிரி ஒரு முகம்.

மதுரைக்காரி எழுதியது:

அக்கா, இந்தக் கதையை என் மகளுக்குப் படித்துக் காட்டினேன். நன்றி.

நடுவரிசை, முதல் முறை எழுந்து போனேன், காரணத்தை அப்புறம் சொல்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். நான் என் சித்தப்பாவைச் சொல்லிவிட்டேன். உங்கள் முறை.

நடுவரிசை எழுதியது:

சொல்கிறேன்.

எனக்கு ஒரே அண்ணன். அப்பா போன பிறகு வீட்டைப் பாகம் பிரித்ததில் வந்த பேச்சு, தடித்துப் போய் ஒன்பது வருஷம் முகம் பார்க்கவில்லை. ஒரே ஊரில்தான் இருந்தோம். அவர் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது, தபாலில். நான் போகவில்லை. இதில் என் தப்பு எவ்வளவு, அவர் தப்பு எவ்வளவு என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை ஐந்து மணிக்கு போன் செய்தார். குடலில் கட்டி, ஆபரேஷன், திங்கட்கிழமை சேர வேண்டும். ‘நீ வர்றியா’ என்று மட்டும் கேட்டார். அவருக்கு வளர்ந்த மகன் இருக்கிறான், அண்ணி இருக்கிறார். தோமாவைப் போலத்தான். இந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது அதற்கெல்லாம் முன்னால், எங்களுக்குள் பேச்சு நின்றிருந்த சமயம். ஒரு திரைப்படச் சங்கத்தில் போட்டார்கள். மழிக்கும் காட்சியில் லூக்கின் இடத்தில் என்னை வைத்துப் பார்த்துவிட்டேன் போலிருக்கிறது, அதனால்தான் எழுந்து போனேன்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் சாயங்காலம் வார்டு பார்பர் வந்தார். பிளாஸ்டிக் மக்கில் தண்ணீர், ஒரு துண்டு சோப்பு, பாதி பிளேடு. நாலு பக்கமும் திரையை இழுத்துவிட்டார்கள், அது கட்டிலைச் சுற்றி முழுசாக வந்து சேரவில்லை, ஓரமாக ஒரு முழம் இடைவெளி. அண்ணன் தன் மகனைப் பார்த்து, டீ வாங்கிட்டு வாடா, மெதுவா வா என்றார். நானும் எழுந்தேன். நீ இரு என்றார். நான் அந்த இடைவெளியை முதுகால் அடைத்துக்கொண்டு நின்றேன்.

பார்பர் முடித்துவிட்டு மக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வயிற்றில் சோப்பும் முடியும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஈரத்துணியை எடுத்து நான்தான் துடைத்தேன். தொப்புளுக்கு இடது பக்கம், வெள்ளையாக, அரை விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு. எனக்கு ஏழு வயது, அவருக்குப் பத்து. வாய்க்கால் மதகு மேலே நின்றவரைப் பின்னாலிருந்து தள்ளிவிட்டேன். கீழே இருந்த இரும்புக் கம்பி கிழித்துவிட்டது. வீட்டில் தானே வழுக்கி விழுந்ததாகச் சொல்லி அடி வாங்கினார். அண்ணிக்கு அது தெரியாது. அவர் மகனுக்கும் தெரியாது. முடி இருந்ததால் நானே அதை மறந்துபோயிருந்தேன்.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். துணி அந்த இடத்தில் நின்றதும் கேட்டார்.

‘இன்னும் இருக்காடா?’

‘இருக்குண்ணா.’

அவ்வளவுதான் பேசினோம். வீட்டைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, இன்று வரைக்கும் பேசவில்லை.

மதுரைக்காரி எழுதியது:

இதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. சித்தப்பாவுக்கு போன் செய்யப் போகிறேன்.

லாச்சப்பல் எழுதியது:

அண்ணர் இப்ப எப்படி இருக்கிறார்?

நடுவரிசை எழுதியது:

நன்றாக இருக்கிறார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் எடுக்க வேண்டும். நான்தான் கூடப் போகிறேன். அடுத்தது மாசியில்.